மழைக்கு வாய்ப்பில்லை

1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் உனக்குப் பதிலாக உன் போன் பதில் சொல்லிவிடுகிறது. போன மாதம், உன் பொடிசுக்குச் சளி தேவலையா என்று கேட்டு எழுதினேன். "நலமாக இருக்கிறோம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று வந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னைக் கழுதை என்று கூப்பிடுகிறவள் நீ. பாசம் பொங்கினால் எருமை. திடீரென்று நான் எப்படி உனக்கு 'நீங்கள்' ஆனேன்? அதற்குப் பிறகு பதினோரு செய்தி அனுப்பினேன். பதினொன்றுக்கும் அதே மரியாதை. போனே எழுதிக் காட்டும் பதிலை யாரோ விரலால் தட்டி அனுப்புகிறார்கள். அந்த விரல் உன்னுடையதுதானா என்று எனக்குச் சந்தேகம்.

அதனால்தான் காகிதம். அதுவும் உன் வீட்டுக்கு இல்லை, நீ வாரம் இரண்டு நாள் பொத்தான் தைக்கப் போகும் தையல்காரம்மாவின் கடை விலாசத்துக்கு. அவர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார் என்று நீ ஒருமுறை கேலி செய்தாய். இப்போது அந்தக் காரணத்துக்காகவே அவரை நம்புகிறேன். படித்து முடித்ததும் இதைக் கிழித்து அவருடைய வெட்டுத்துணிக் கூடையில் போட்டுவிடு.

அம்மா சௌக்கியம். மாமா அனுப்பிய பேசும் கருவியை டிவி மேல் வைத்து, காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதல் பேச்சு. "இந்த வீட்டுல கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ற ஒரே ஆள் இதுதான்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்கிறாள். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. உன் வீட்டுக் கருவியைப் போலவே மாமாவின் கணக்கில்தான் அதுவும் ஓடுகிறது என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. இந்தக் கடிதத்தை நான் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கீறும் சத்தம் அதற்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குள் எழுதக் கை வரவில்லை.

ஏன் இவ்வளவு பயம் என்று நீ கேட்பாய். என் வேலை என்ன என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. வெளியே சொல்லமாட்டேன் என்று ஒன்பது பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது சொல்கிறேன். மக்கள் வீட்டில் வைத்திருக்கும் அதே பேசும் கருவிக்குப் புரியாமல் போன பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு ஏழெட்டு விநாடி. அதைக் கேட்டு, சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, கீழே இருக்கும் கட்டங்களில் ஒன்றைத் தட்ட வேண்டும். வானிலை, பாட்டு, கடை, அலாரம், உளறல். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு. ஜன்னல் கிடையாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், நாங்கள் எதையும் திருடிவிடக் கூடாதாம். ஊரார் படுக்கையறைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு எங்கள் மேல் சந்தேகம்! சுவரில் 'உங்கள் குரல் உங்களுக்கே சொந்தம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் கேட்கிறோம்.

யார் குரல் என்று அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக எல்லாக் குரலையும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல மாற்றிவிடுவார்கள். கிழவர், குழந்தை, பெண் எல்லாம் ஒரே தகரம். குரலை மாற்றலாம். சொல்லை மாற்ற முடியாது.

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு துண்டு வந்தது. முதலில் ஏதோ உடையும் சத்தம். பிறகு ஒரு குரல், கிசுகிசுப்பாக: "அம்மா, ஆலங்கட்டி மழை. கொடியைக் கட்டிலுக்கு அடியில கட்டியாச்சு." அதற்குக் கருவி மணி போல் பதில் சொல்கிறது: "உங்கள் பகுதியில் இன்று மழைக்கு வாய்ப்பில்லை."

பக்கத்து இருக்கைக் கண்ணாடி அண்ணன், நான் அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவதைப் பார்த்து அவரும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். கட்டிலுக்கு அடியில் துணி காயப் போடுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

இந்த உலகத்தில் அந்தப் பேச்சு இரண்டு பேருக்குத்தான் தெரியும் அக்கா. அதை உண்டாக்கியதே நீ. உனக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. அப்பா தெருமுனையில் திரும்பும் நடையைப் பார்த்தே நீ சொல்லிவிடுவாய். தூறல் என்றால் திட்டு. மழை என்றால் அடி. ஆலங்கட்டி என்றால் சாமான் பறக்கும். துணியை எடு என்றால் மொட்டைமாடிக்கு ஓடு. ஓட நேரம் இல்லாவிட்டால் கொடியைக் கட்டிலுக்கு அடியில் கட்டு. வெயில் என்றால் அவர் வீட்டில் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதிரிலேயே பேசுவோம். எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள், எப்போது பார்த்தாலும் துணியைப் பற்றியே கவலை என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பாள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய டிரங்குப் பெட்டி ஒருநாள் தானாக அடுப்படிக்குப் போனது. நமக்கு இடம் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நீ சொன்னாய். நமக்கு அந்த வயதில் அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அந்தப் பேச்சைப் பொடிசுக்கு ஏன் கற்றுக்கொடுத்தாய்? விளையாட்டுக்கு என்று சொல்லாதே. கதை சொல்லும்போது சொன்னேன், பிடித்துக்கொண்டாள் என்றும் சொல்லாதே. பின்னால் உடைந்த சத்தமும் அந்தத் துண்டில் இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் டீம் லீடரிடம் போனேன். குழந்தை ஆபத்தில் இருக்கிறது, எந்த வீடு என்று பார்த்து யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குட்டிக்காரர். ஆனால் கம்பெனி அவர் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறது. துண்டுக்கு எண் மட்டும்தான் உண்டு, வீடு கிடையாது, வாடிக்கையாளரின் அந்தரங்கம் நமக்குப் புனிதம் என்றார். செருப்பு வாங்கலாமா என்று நாம் மனசுக்குள் நினைத்தாலே சாயங்காலம் செருப்பு விளம்பரம் காட்டுகிறவனுக்கு, ஒரு பிள்ளை எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று தெரியாதாம். கடைசியில் மெதுவாகக் கேட்டார், கட்டத்தைத் தட்டிவிட்டாயா என்று. தட்டவில்லை. எந்தக் கட்டத்தைத் தட்டுவது? அந்த ஐந்தில் அவளுக்கு ஒரு கட்டம் இல்லை.

இது உன் வீடு இல்லை என்று ஒரு வரி எழுதிவிடு. நான் பைத்தியக்காரி என்று திட்டி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிறந்தநாளுக்கு மாமா உன் கையில் கட்டிவிட்ட கடிகாரம் நீ எங்கே நிற்கிறாய் என்று அவருக்குக் காட்டுகிறது என்று நீயே பெருமையாகச் சொன்னாய். அக்கறை என்றாய். நாய்க்குக் கழுத்துப்பட்டை போடுகிறவனும் அக்கறையாகத்தான் போடுகிறான்.

நம் கணக்கு வாத்தியாரை நினைவிருக்கிறதா? புதன்கிழமைதோறும் மூன்றாவது பீரியடுக்குச் சரியாக வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போய்விடுவாரே. அதை ஒரு வருஷம் கழித்துத்தான் மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். நீ இரண்டாவது வாரமே கண்டுபிடித்தாய். அவ்வளவு கூர்மையானவள் நீ. உன் வீட்டில் நடப்பது மட்டும் உனக்குத் தெரியாமலா இருக்கும்?

எழுத முடியாவிட்டால் அந்தக் கருவியிடமே பேசு. அதற்குப் புரியாத மாதிரி, 'கொடி' என்று ஒரு சொல்லை வைத்துப் பேசு. எங்கள் நாற்பது பேரில் யாருக்காவது வந்து சேரும். கண்ணாடி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. மற்ற மேசைகளுக்கு அவர் சொல்லியிருக்கிறார்.

உன் கழுதை.

2

மதிப்புக்குரிய தையல்கார அம்மாவுக்கு,

வணக்கம். நான் உங்கள் கடையில் பொத்தான் தைத்த பெண்ணின் தங்கை. நேற்று நீங்கள், கடித உறையில் நான் எழுதியிருந்த எங்கள் அலுவலக வாசல் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி. காவலாளி பக்கத்தில் நின்றதால் நான் ஒழுங்காகப் பேசவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம்.

என் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா உங்கள் அளவுச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, நீங்கள் தபாலில் அனுப்பிய வரி எனக்கு வந்து சேர்ந்தது. "இங்கே எப்பவும் வெயில்தான். இனி எழுதாதே கழுதை." அவள் கையெழுத்துதான். கழுதை என்று எழுதியதைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் வெயில் என்பதை நம்பவில்லை. அடுத்த வாரமே அவள் வீட்டுக்காரர் உங்கள் கடைக்கு வந்து, இனி அவளுக்கு வேலைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னீர்கள். கடையில் அவள் ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் கூடுதலாக நிற்கிறாள் என்று அவர் துல்லியமாகச் சொன்னார், எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டீர்கள். அவள் கையில் இருக்கும் கடிகாரத்தைக் கேளுங்கள்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். மூன்று நாளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, வீட்டுக் கருவி ஒன்று பிடித்த பேச்சுத் துண்டு வந்தது. எழுந்து நின்றால் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள். அவள் எழுந்து வந்து தன் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். குழந்தை பேசுகிறது. "சித்தி, கொடி அறுந்து போச்சு." அவ்வளவுதான். சித்தி என்றால் நான். கொடி என்பது நாங்கள் சின்ன வயதில் ஒளிந்துகொள்ளும் இடத்துக்கு வைத்த பெயர். அறுந்தது என்று எங்கள் பேச்சில் ஒரு சொல் இருந்ததே இல்லை. அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒளியும் இடமும் தெரிந்துபோய்விட்டது என்று அர்த்தம். அதற்குக் கருவி சொன்ன பதில்: "உங்களுக்கு அருகில் கொடிக்கயிறு விற்கும் மூன்று கடைகள் உள்ளன."

அன்று மாலை வீட்டுக்குப் போனால், அம்மா வைத்திருக்கும் கருவி தானாகவே ஆரம்பிக்கிறது, துணி காயப்போட உறுதியான நைலான் கயிறு, இன்று மட்டும் சலுகை என்று. அம்மா கயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்கா வீட்டுக் கருவியும் இதுவும் அவள் வீட்டுக்காரரின் ஒரே கணக்கு. எந்த வீடு என்று கம்பெனிக்குத் தெரியாதாம். கயிறு விற்க மட்டும் சரியான வீட்டைத் தட்டுகிறது. எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் அந்த விளம்பரத்தில் போய்விட்டது.

வரும் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா பிள்ளையோடு உங்கள் கடைக்கு வருவாள். வர வைப்பது என் பாடு. அவர் அந்த நேரம் அலுவலகத்தில் இருப்பார். பிள்ளைக்கும் பள்ளி விடுமுறை. நான் அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே வந்து உங்கள் கடைக்குள் உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அளவு எடுக்கிறோம் என்று பலகையை மாட்டுங்கள். அடுத்த பஸ் பதினொன்று இருபதுக்கு. அதற்கு மேல் உங்களுக்குத் தொல்லை தர மாட்டோம். அவர் பிறகு வந்து கேட்டால், பிள்ளைக்கு அளவு எடுத்தேன், போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டாள்.

முன்பின் தெரியாத பெண் உரிமையோடு கேட்கிறாளே என்று நினைக்காதீர்கள். நம்ப ஆள் தேடித் தேடிப் பார்த்ததில் பட்டன் போன் வைத்திருக்கும் நீங்கள் ஒருவர்தான் மிஞ்சினீர்கள்.

மரியாதையுடன்,
தங்கை.

3

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்கிறாள். போனில் எழுதினால் மனசு நிறையவில்லையாம், பழையபடி கடிதமாக எழுது என்று ஒரே பிடிவாதம். அதனால் மாமா இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

மாமா அனுப்பிய கருவி அருமை. அம்மாவுக்கு இப்போது அது இல்லாமல் பொழுது போகவில்லை. இரண்டு நாளாக மட்டும் அதற்குக் காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது, கூப்பிட்டால் பேசுவதில்லை. அம்மா அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள். வெயில் படக் கூடாது என்று நினைத்திருப்பாள். மாமா வரும்போது சரிசெய்து கொடுக்கட்டும், அவசரமே இல்லை.

உங்கள் பக்கம் வானிலை எப்படி? கருவி பேசிக்கொண்டிருந்தவரை மழைக்கு வாய்ப்பில்லை என்றுதான் சொன்னது. அது சொல்வதையெல்லாம் நம்பி இருக்காதே அக்கா. துணியை எடுக்கிற விஷயத்தில் உனக்கு எப்போதுமே ஒரு கெட்ட பழக்கம். இடி இடித்து, நாலு சொட்டு விழுந்த பிறகுதான் ஓடுவாய். நனைந்த துணியைப் பிழிந்துகொண்டு, இதெல்லாம் ஒன்றுமில்லை, காய்ந்துவிடும் என்பாய். பெரியவர்கள் துணி காயும். சின்னப் பாவாடை ஒரு தடவை பூசணம் பிடித்தால் கறை போகவே போகாது. நமக்குத் தெரியாதா? நல்ல வெயில் அடிக்கும்போதே எடுத்துவிடு. எல்லாத் துணியும் வேண்டாம். சின்னதையும், நீ உடுத்தியிருப்பதையும் எடுத்தால் போதும்.

உன் தையல்காரம்மா பொடிசுக்குப் பாவாடை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாராமே, நீ போகவில்லையா? பெரிய மனுஷியிடம் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது அழகில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு நீயே போய் அளவு கொடு. கையில் கடிகாரம், போன் எல்லாம் வைத்துக்கொண்டு அளவு எடுக்க நின்றால் நூல் சிக்கும், ஊசி குத்தும் என்பார்கள். கழற்றி வீட்டிலேயே, மேசைமேல் வைத்துவிட்டுப் போ. விலை உயர்ந்த பொருள். மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. தொலைந்தால் அவருக்குத்தான் வருத்தம்.

ஒரு சிரிப்பான சேதி. நம் கணக்கு வாத்தியாரைக் கடைவீதியில் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும் அதே கிழமை, அதே மூன்றாவது பீரியட் நேரத்துக்கு வயிற்றுவலி வருகிறதாம்! சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் காற்று பட்டதோ என்னவோ, வரும் வாரம் எனக்கும் அதே வயிற்றுவலி வரும் போலிருக்கிறது. அலுவலகத்தில் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். கண்ணாடி அண்ணன் ஒருவர் இருக்கிறார், உன் துண்டுகளையெல்லாம் நாங்கள் பிரித்துக்கொள்கிறோம், நீ போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு வா என்கிறார். நல்ல மனிதர்கள்.

பொடிசிடம் சொல். அவள் அனுப்பிய சேதி சித்திக்குக் கிடைத்தது. அறுந்து போனால் அழக் கூடாது. இங்கே புதுக் கொடி கட்டியாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இல்லை. மொட்டைமாடியில், வெளிச்சத்தில், அவள் எட்டித் தொடும் உயரத்தில்.

நீ எனக்குக் கோபமாகப் பதில் எழுதினால் கூடப் பரவாயில்லை, அக்கா. எழுதாமல் நேரிலேயே திட்டினால் இன்னும் நல்லது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அம்மாவும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறாள். நானாக அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதியதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். என்ன எழுதப் போகிறாள் என்றும் தெரியவில்லை. எழுதி, உறையை அவளே ஒட்டுவாளாம்.

உன் கழுதை.

*

மகளுக்கு அம்மா எழுதுவது. எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் எழுத்து கோணலாக இருக்கும். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டது நான்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கை சும்மாதான் இருக்கிறது. வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடு அம்மா.